ஒட்டுத் துணிக்கும் ஒரு சனது

கிழிந்த துணிக்கு வீட்டில் மதிப்பில்லை. புதுத்துணி பெட்டகத்தில் ஏறும். பழந்துணி கரித்துணியாகி அடுப்பங்கரைக்குப் போகும். ஆயினும் நம் மார்க்க வரலாற்றில் ஒட்டுப் போட்ட துணி உயர்ந்ததோர் இடத்தைப் பெற்றிருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்றும், தம் காலணியைத் தாமே செப்பனிட்டுக்கொண்டார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பேரரசின் தலைவராய் மதீனாவில் வீற்றிருந்த கலீபா உமர் (ரலி) அவர்களின் இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததை அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் கண்டு சொன்ன செய்தி, இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’ நூலில் இடம்பெற்றிருக்கிறது.

பிற்காலத்தில் சூபி ஞானிகள் இந்த ஒட்டு ஆடையைத் தம் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டனர். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி அவர்கள் தம்முடைய ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ என்னும் பாரசீக நூலில், ஒட்டு அங்கி அணிதல் பற்றித் தனியோர் இயலே வகுத்துள்ளார்கள். அந்த அங்கிக்கு ‘முரக்கஆ’ என்று பெயர். ‘ருக்ஆ’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. துணியில் வைத்துத் தைக்கும் ஒட்டுத் துண்டு என்பது ஒன்று. சிறு கடிதம், எழுத்துத் துண்டு என்பது மற்றொன்று. முகலாய மன்னர்கள் ஓவியங்களையும் கையெழுத்து ஏடுகளையும் ஒட்டித் தொகுத்த ஏட்டுத் தொகுதிக்கும் ‘முரக்கஃ’ என்றே பெயர் வழங்கிற்று.

ஒட்டுத் துண்டும் எழுத்துத் துண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது சிந்திக்கத்தக்கது. ஒரு துணித் துண்டும் ஓர் ஆவணமே. அதனைப் படிக்கத் தெரிந்தால், அது யார் கையால் நெய்யப்பட்டது, எந்தக் கடல் கடந்தது, எந்தச் சட்டத்துக்குத் தப்பியது என்பதையெல்லாம் அது சொல்லும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரத்தில் நின்று இந்தக் கருத்தை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுபதிப்புத் துணிகள்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது நெடுநாளைய வழக்கம். துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் அறுகோணமாகவும் வெட்டி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து மேல்விரிப்பு ஆக்குவர். அதன் கீழே மெல்லிய பஞ்சுப் படலம். அதற்கும் கீழே ஓர் அடித்துணி. மூன்றையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்டித் தைத்தால் போர்வை உருவாகும். ஒரே வகைத் துணியை அளவெடுத்து வாங்கித் தைப்பது ஒரு முறை. கைக்குக் கிடைத்த நூறு வகைத் துண்டுகளையும் வெளிர்நிறம், நடுநிறம், அடர்நிறம் எனப் பிரித்துக் கலந்து தைப்பது மற்றொரு முறை. இந்த இரண்டாம் முறையில்தான் வறுமையும் சிக்கனமும் அழகும் ஒன்று சேருகின்றன.

1976ஆம் ஆண்டு அமெரிக்கா தன் விடுதலையின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது இந்தப் பழங்கலைக்குப் புத்துயிர் வந்தது. 1997ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் போர்வைகளை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் நிறுவப்பட்டு, இன்று அது பெரியதோர் அருங்காட்சியகமாக விளங்குகிறது. இந்தப் புத்துயிரோடு ஒரு சிக்கலும் பிறந்தது. பாட்டி காலத்துப் போர்வையைப் போன்று தைக்க வேண்டுமானால் பாட்டி காலத்துத் துணி வேண்டும். அதுவோ கிடைப்பதற்கு அரிது, கிடைத்தாலும் நைந்திருக்கும். குறிப்பாக, இரும்புக் காரம் சேர்த்து ஏற்றிய கறுப்பும் பழுப்பும் காலப்போக்கில் நூலையே அரித்துவிடுகின்றன. ஆகவே, ஆலைகள் பழைய துணிகளின் கோலங்களை அருங்காட்சியகச் சேமிப்புகளிலிருந்து படியெடுத்துப் புதுத்துணியில் அச்சிட்டு விற்கத் தொடங்கின. பழைய நூலுக்கு மறுபதிப்பு வருவதுபோல் இவை பழைய துணிக்கு வந்த மறுபதிப்புகள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து அச்சுத் துணிகளின் மறுபதிப்புகளுக்கு அங்கே பெரும் வரவேற்பு உண்டு. புதுத்துணியின் பளபளப்பு மறையட்டும் என்று தேயிலைச் சாயத்தில் அதனைத் தோய்த்தெடுப்போரும் இருக்கின்றனர்.

மறுபதிப்பில் குற்றமில்லை. ஆனால், எதன் மறுபதிப்பு என்பதையும், அதற்கு முன் அது எதன் படி என்பதையும் தேடிச் சென்றால், அந்தப் பாதை நம் கடற்கரைக்கே வந்து முடிகிறது.

சோழமண்டலக் கரையின் பூங்கொடி

17, 18ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையிலான சோழமண்டலக் கரையிலிருந்து, கையால் தீட்டிய பூந்துணிகள் கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றன. நாம் அவற்றைச் சீட்டித் துணி என்றோம். பாரசீகச் சொல் வழியே கலம்காரி என்றும் வழங்கினோம். துவைத்தாலும் நிறம் போகாமல் மேலும் ஒளிர்ந்ததே அவற்றின் பெருமை. ஐரோப்பியருக்கு அந்நாளில் இந்த வித்தை தெரியாது. அதனை அறிந்துகொள்ளப் பாதிரிமாரும் கம்பெனியாரும் பெரிதும் முயன்றனர். 1734ஆம் ஆண்டு புதுச்சேரியில் பொலியே என்னும் பிரெஞ்சுக்காரர், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டிக் குறிப்போடு சேர்த்துவைத்தார். 1742ஆம் ஆண்டு கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்ததை நீண்ட கடிதமாகத் தம் நாட்டுக்கு எழுதினார்.

அவர்கள் எழுதிவைத்த முறை இதுதான். துணியைச் சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி வெளுப்பர். கடுக்காய்ச் சாற்றையும் எருமைப் பாலையும் கலந்து அதில் தோய்ப்பர். தீட்டும் நீர் பரவாமல் இருக்கப் பால் உதவும். ஊசியால் துளையிட்ட தாளின்மேல் கரித்தூளைத் தட்டிக் கோலத்தைத் துணியில் இறக்குவர். இரும்பை ஊறவைத்த புளித்த நீரால் கறுப்புக் கோடும், படிகார நீரால் சிவப்பு வரவேண்டிய இடங்களும் தீட்டப்படும். பின்னர்ச் சாயவேர்ச் சாற்றில் துணியைக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை பிறக்கும். இத்தனை கைகளைக் கடந்துதான் ஒரு பூங்கொடி துணியில் பூத்தது.

சாயவேர் என்பது கடலோர மணலில் வளரும் சிறு செடியின் வேர். மருத்துவ நூல்கள் இதனை இம்பூறல் என்று கூறும். இராமேசுவரத்திலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரை இதைத் தோண்டி எடுப்பதே தொழிலாகக் கொண்ட மக்கள் இருந்தனர். இலங்கையில் டச்சுக்காரர்கள் அதனைத் தம் தனியுரிமையாகவே வைத்துக்கொண்டனர். சிப்பித் தூள் கலந்த மணலில் வளர்ந்த வேரே நல்ல சிவப்பைத் தரும்.

இந்தத் துணிகளால் ஐரோப்பிய நெசவாளர் தம் பிழைப்பு கெடும் என்று அஞ்சினர். பிரான்சு 1686ஆம் ஆண்டு இவற்றைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டு இறக்குமதிக்குத் தடை வந்தது; 1722ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதும் வீட்டில் விரிப்பதும்கூடச் சட்டவிரோதமாயின. 1774இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில், இந்தியச் சீட்டித் துண்டுகளை இணைத்துத் தைத்த படுக்கை விரிப்பும் திரைகளும் இருக்கின்றன. அவை ஏறத்தாழ 1708ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பது மரபு. அந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுப் போர்வைகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. நம் கரையின் துண்டுத் துணி ஒரு சாண்கூட வீணாகாமல் பாதுகாக்கப்பட்ட காலம் அது.

தடை இருந்த காலத்திலேயே ஐரோப்பியர் அந்தத் துணியைப் படியெடுக்கக் கற்றனர். 1760ஆம் ஆண்டு ஓபர்காம்ப் என்பவர் பாரிசு நகருக்கு அருகிலுள்ள ஜூயியில் அச்சுப் பட்டறை தொடங்கினார். 1783இல் தாமஸ் பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் செப்பு உருளையால் துணி அச்சிடும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். ஒருவர் ஒரு மாதம் தீட்டிய கோலத்தை உருளை சில நிமிடங்களில் அச்சிட்டது. அந்த ஆலைத் துணிகளே அமெரிக்காவுக்குச் சென்றன. அமெரிக்க ஆலைகளும் அவற்றைப் பின்பற்றின. ஆக, இன்று ‘வரலாற்றுத் துணி’ என்று விற்கப்படும் பூங்கொடி அச்சுகளில் பல, படியின் படிக்கு எடுத்த படிகளாம்.

நீதியின் பொருட்டு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கம்பெனியார் தம் நாட்டுச் சுவைக்கேற்ற மாதிரிகளை இங்கே அனுப்பி, அவ்வாறே தீட்டித் தரச் சொன்னார்கள். எனவே சோழமண்டலக் கோலத்திலும் சீனக் கொடியும் பாரசீக மலரும் ஆங்கில விருப்பமும் கலந்திருக்கின்றன. கலப்பில்லாத கோலம் எங்கும் இல்லை. பெயரில்லாத கைகள்தாம் எங்கும் இருக்கின்றன.

புதுக்கோட்டைக் கடலோரம்

1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் வரை தனியரசாக விளங்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை இருந்ததில்லை. 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. அதனோடு கடலும் வந்தது. மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று நீளும் இந்தக் கரையில் முஸ்லிம்கள் பெருக வாழ்கின்றனர்.

உள்நாட்டிலும் துணிக்கோலத்தின் தொன்மைக்குச் சான்று உண்டு. அன்னவாசலுக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக் கோயிலின் தாமரைக் குளத்து ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அதன் கருவறை விதானத்தில், மேற்கட்டித் துணியை விரித்துக் கட்டியதுபோலக் கோலங்கள் தீட்டப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிபி 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது. நெய்த துணி அழிந்தது. துணியைப் பார்த்துக் கல்லில் தீட்டிய படி நிற்கிறது. மறுபதிப்பு மூலத்தைவிட நீடித்து வாழ்ந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கடலோரத்தின் கதை கிழக்கு நோக்கிச் செல்கிறது. நாகப்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட இக்கரை, மரக்காயர்களின் மரக்கலங்கள் ஓடிய வழியில் இருக்கிறது. அவர்கள் துணியைக் கொண்டுசென்று அச்சே, கெடா, மலாக்கா முதலிய துறைகளில் மிளகும் ஈயமும் பாக்கும் கொண்டுவந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரைப் பெரியதம்பி மரக்காயர் டச்சுக் கம்பெனியின் ஆவணங்களில் மீண்டும் மீண்டும் பேசப்படும் அளவுக்குப் பெருவணிகராய் விளங்கினார். நம் பூந்துணிக்கு மலாய் மக்கள் ‘செம்பாகி’ என்று பெயரிட்டனர். கட்டம் போட்ட கைலிக்குப் பழவேற்காட்டின் பெயரால் ‘பெலிக்காட்’ என்று இன்றும் வழங்குகின்றனர். ஊரின் பெயர் துணியின் பெயராகி, துணி மறுகரையில் ஒரு சமுதாயத்தின் தொழுகை உடையாகவே நிலைத்துவிட்டது.

சாவகத் தீவில் இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. யோக்யகர்த்தா அரண்மனையில் பல வகைத் துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த ‘அந்தகுசுமா’ என்னும் மேலாடை, புனிதப் பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. சாவகத்தில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது இறைநேசர்களுள் ஒருவரான சுனன் காலிஜாகாவோடும், தெமாக் பள்ளிவாசலோடும் அதனை இணைத்து மக்கள் வரலாறு சொல்கின்றனர். அந்த ஒட்டாடையின் பெருமையை எல்லாரும் அடைய விரும்பினார்களோ என்னவோ, ‘தம்பல்’ என்னும் பாத்திக் கோலம் அங்கே உண்டு. தம்பல் என்றால் ஒட்டு. ஒரே துணியில், பல துண்டுகளை ஒட்டியதுபோல் மெழுகால் எழுதிச் சாயமேற்றுவர். நோயாளிக்கு அதனைப் போர்த்தினால் நோய் தணியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கிருந்து சென்ற துணியின் நினைவு, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற நம் மக்களின் பெட்டிகளில் பாத்திக் கைலியாக இக்கரைக்கே திரும்பி வந்தது.

அறுந்த கண்ணி

1868ஆம் ஆண்டு கிரேபே, லீபர்மன் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள், மஞ்சிட்டி வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். 1897ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவர், அவுரி பயிரிட்டவர் ஆகியோரின் தொழில் சில பத்தாண்டுகளில் நலிந்தது. தஞ்சை மராட்டிய அரசு 1855இல் முடிவுற்றபின், அந்த அரசகுலத்தாருக்கென்றே தீட்டி நெய்யப்பட்ட கோடாலிக்கருப்பூர்ச் சேலையும் மெல்ல மறைந்தது. அதன் உறவான கருப்பூர்க் கலம்காரியைச் சில குடும்பங்கள் காத்துவருகின்றன. 2021ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று நம் துணிகளின் சிறந்த தொகுப்புகள் இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருக்கின்றன. அவற்றின் கீழே ‘சோழமண்டலக் கரை’ என்று எழுதியிருப்பர். தீட்டியவர் பெயர் இருக்காது. ஊரும் பெரும்பாலும் இருக்காது. வாங்கிய கம்பெனியின் கணக்கு இருக்கிறது; விற்ற வணிகரின் ஏடு இல்லை.

ஹதீஸ் கலையை உருவாக்கிய நம் முன்னோர் ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்கவில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று கண்ணி கண்ணியாக ஆராய்ந்தனர். அந்தச் சங்கிலிக்கு ‘சனது’ என்று பெயர். கண்ணி அறுந்திருந்தால் செய்தி அழகாக இருந்தபோதிலும் அது பலவீனமானதே. துணிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். மறுபதிப்புத் துணியைத் தேயிலை நீரில் தோய்த்துப் பழையது என்று காட்டுவது, சனதை மறைப்பதாகும். இன்ன ஆண்டில், இன்ன சேமிப்பிலுள்ள, இன்ன துணியைப் பார்த்து அச்சிட்டது என்று எழுதிவைத்தால், அதே துணி நம்பத்தக்க அறிவிப்பாளராகிவிடும்.

நாம் செய்யக் கூடியது

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க மூதாதையரின் வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவரும் இந்துக்களும் உள்ளனர். அந்தப் பெண்கள் பழைய ஆடைகளின் துண்டுகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி உட்புறமாகச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பர். நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்னும் சிறு மடிப்புத் துண்டுகளை வைத்தால்தான் போர்வை நிறைவுறும். அவர்களின் துண்டுகள் மறுபதிப்பல்ல, உடுத்திய ஆடைகளே. தாயின் சேலையும் குழந்தையின் சட்டையும் அதில் அருகருகே இருக்கும்.

இத்தகைய ஒரு போர்வையை நம் மாவட்டத்துப் பெண்களும் தைக்கலாம். பெலிக்காட் கட்டக் கைலி, பாத்திக் துண்டு, மதுரைச் சுங்குடி, கருப்பூர்க் கலம்காரி, பழைய வெள்ளைத் துப்பட்டி ஆகியவற்றைச் சாண் சாணாகச் சேர்த்தால், நம் கரையின் ஐந்நூறு ஆண்டு வணிகம் ஒரு கட்டிலின் மேல் விரிந்துவிடும். பழையது கிடைக்காத இடத்தில் புதிதாகத் தீட்டியதையோ அச்சிட்டதையோ வைப்பதில் தவறில்லை. தையற்கடையில் வெட்டிக் கழித்த துணியும் பயன்படும். உள்ளே பஞ்சுக்குப் பதிலாகப் பழஞ்சேலையை இரண்டு மூன்று அடுக்காக வைக்கலாம். புதுத்துணியையும் பழந்துணியையும் இணைக்குமுன் புதியதை ஒருமுறை நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் அது சுருங்கிப் பழந்துணியைக் கிழித்துவிடும். மிகவும் நைந்த துண்டை வெட்டாமல், தாளில் சுற்றித் தனியே காப்பதே நன்று.

போர்வையின் பின்புறத்தில் ஒரு வெள்ளைத் துண்டைத் தைத்து, அதில் மையால் எழுத வேண்டும். எந்தத் துண்டு யாருடையது, எவ்வூரில் வாங்கியது, எது மூலம், எது படி, தைத்தவர் யார், ஹிஜ்ரி ஆண்டு என்ன, கிபி ஆண்டு என்ன என்பவையே அதற்குரிய செய்திகள். அந்த வெள்ளைத் துண்டே போர்வையின் சனது. ‘ருக்ஆ’ என்னும் சொல்லின் இரு பொருளும் அங்கே ஒன்றாகிவிடும். திருக்கோகர்ணத்தில் 1910ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் படிமங்களையும் காசுகளையும் காணச் செல்கிறோம். நம் கடலோர இல்லங்களின் துணிகளும் இத்தகைய குறிப்போடு அங்கே ஒருநாள் இடம்பெறுமானால், அது இந்த மாவட்டத்தின் வரலாற்றுக்குப் புதியதோர் ஏடாக அமையும்.

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதைத்த பெண்ணை இறைமறை (16:92) ஓர் உவமையாகக் காட்டி எச்சரிக்கிறது. வாக்குறுதியை முறிப்போரைக் குறித்த உவமை அது. முன்னோர் நூற்றுக் கொடுத்ததைக் கவனமின்றிக் கரித்துணியாக்கும் நாமும் அதனை எண்ணிப் பார்க்க வேண்டும். உம்மாவின் துப்பட்டி அடுப்பங்கரைக்குப் போகுமுன் அதில் ஒரு சாண் வெட்டி வைப்போம். அதனோடு உம்மாவின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு வரியில் எழுதி வைப்போம்.